யார் இந்த ஜான் சல்லிவன்? சிறுமுகையில் இருந்து மலையேறி ஊட்டிக்கு ரூட் போட்ட கோவை கலெக்டரின் கதை

சோமனூரில் ஒரு நாள் தறி நின்றால் போதும். நாலு பேர் சேர்ந்தால் அடுத்த பேச்சு ஊட்டிதான். கருமத்தம்பட்டி தாண்டி, அன்னூரில் ஒரு டீ குடித்துவிட்டு, மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து கோத்தகிரி பக்கமோ குன்னூர் பக்கமோ ஏறிவிடலாம். காலையில் காடா துணி லோடு ஏற்றி அனுப்பிவிட்டுக் கிளம்பினாலும், மதியச் சாப்பாட்டுக்கு கோத்தகிரி போய்ச் சேர்ந்துடலாம்.

இந்த ரூட்டில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறுமுகை என்று ஒரு ஊர் வரும். நெசவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது மென்பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர். ஆனால் நீலகிரி வரலாற்றில் அந்த ஊருக்கு வேறொரு இடம் உண்டு. 1819 ஜனவரியில், இன்றைக்கு நாம் வீக்எண்ட் டிரிப் என்று சொல்லும் சமாச்சாரத்துக்கு ஒரு கோவை கலெக்டர் அங்கிருந்துதான் பிள்ளையார் சுழி போட்டார். அவர் பெயர் ஜான் சல்லிவன்.

கோவை டவுனில் ராஜ வீதிப் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்கள் சலீவன் வீதியைத் தாண்டியிருப்பார்கள். அந்தச் சலீவன் இவர்தான். ஊட்டியை உருவாக்கியவர் என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். மலைக்குப் பாதை போட்டவரே, அந்த மலை யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் சொந்த அரசாங்கத்தோடு மோதி தோற்றுப்போனார் என்பது மீதிக் கதை.

15 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்

1788 ஜூன் 15-ம் தேதி லண்டனில் பிறந்தவர் சல்லிவன். நம்மூரில் பத்தாவது எழுதுகிற வயசில், அதாவது 15 வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ரைட்டர் என்று பதவியின் பெயர். கிட்டத்தட்ட கிளார்க் வேலை. அந்தக் காலத்தில் கம்பெனி உத்தியோகத்துக்கு வருகிற பல வெள்ளைக்காரப் பையன்களுக்கு அதுதான் முதல் படி.

படிப்படியாக மேலே வந்து, 1815-ல் கோவை ஜில்லாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு 27 வயது. அன்றைய கோவை ஜில்லாவை இன்றைய கோவை மாவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பூர், ஈரோடு, தாராபுரம், கரூர், இன்றைக்குக் கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் எல்லாமே அதற்குள் அடக்கம். நீலகிரியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கம்பெனியின் கைக்கு வந்த பகுதிகள் இவை.

சோமனூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். அந்தக் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் மொதர்பா என்று ஒரு வரி இருந்தது. தொழில் செய்பவர்களிடம் வாங்குகிற வரி. தறிக்கும் உண்டு. அப்போது பவர்லூம் ஏது, எல்லாம் கைத்தறிதான். கலெக்டர் என்றால் பேரிலேயே இருக்கிறபடி வரி வசூலிக்கிறவர். நிலத்துக்கும் தறிக்கும் வரி கணக்குப் பார்த்த அதே ஆபீஸில் இருந்துதான் மலையேறும் கதையும் தொடங்குகிறது.

மலையில் யாருமே இல்லையா?

சல்லிவன் ஊட்டியைக் கண்டுபிடித்தார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது தப்பு. அவர் போவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே மேலே ஆட்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். எருமை வளர்க்கும் தோடர்கள், விவசாயம் செய்யும் படகர்கள், இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்யும் கோத்தர்கள், காட்டை நம்பி இருந்த குறும்பர்கள், இருளர்கள். ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலோடு நடந்த வாழ்க்கை அது. கீழே சமவெளிச் சந்தையோடும் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது.

வெள்ளைக்காரர்களிலும் சல்லிவன் முதல் ஆள் கிடையாது. 1603-லேயே பாதிரியார் ஃபெனிசியோ கேரளப் பக்கமிருந்து ஏறி தோடர்களைச் சந்தித்துவிட்டு வந்திருக்கிறார். 1812-ல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயரும் அவருடைய உதவியாளர் மெக்மஹோனும் தணாயக்கன்கோட்டை வழியாக ஏறினார்கள். அந்தத் தணாயக்கன்கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணையில் தண்ணீர் வற்றும் வருஷங்களில் பழைய கோயில் தலைகாட்டுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே இடம்தான்.

1818-ல் சல்லிவனின் ஆபீஸிலேயே வேலை பார்த்த விஷ், கின்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மேலே போய்விட்டு வந்தார்கள். புகையிலை கடத்துகிறவர்களைத் துரத்திக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போனார்கள் என்றும் சொல்வார்கள். எப்படியோ, திரும்பி வந்தவர்கள் மேலே இருக்கிற குளிரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதும் கலெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோவை வெயிலில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவருக்கு இருக்குமா பின்னே?

1819 ஜனவரி 2

அன்றைக்கு சிறுமுகையில் இருந்து சல்லிவனின் கூட்டம் கிளம்பியது என்பது நீலகிரியில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பியர்கள், இந்திய சிப்பாய்கள், சுமை தூக்குபவர்கள், யானைகள், வேட்டை நாய்கள் என்று பெரிய படையே போனதாகச் சொல்வார்கள். ஏறும்போது சிலர் உயிரிழந்தார்கள் என்றும் அந்தக் கதையில் வரும்.

இன்றைக்குக் கோத்தகிரி ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் வண்டி திருப்புகிறவர்களுக்கு அந்த ஏற்றத்தின் கஷ்டம் புரியாது. ரோடு இல்லை. மலையடிவாரக் காட்டில் மலேரியா. கீழே இருந்து பார்த்தால் நீலமாகத் தெரிகிற மலை, பக்கத்தில் போனால் செங்குத்தாக நிற்கும். அதில் மூங்கிலும் முள்ளும் வெட்டி வழி உண்டாக்கித்தான் ஒவ்வொரு அடியும் வைக்க வேண்டும். வழி காட்டினவர்கள், சுமை சுமந்தவர்கள் பெயர் எதுவும் கதையில் நிற்கவில்லை. கலெக்டர் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஏறி முடித்து அவர்கள் சேர்ந்த இடம் கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள திம்பட்டி. ஜனவரி மாசம். நீலகிரியில் உறைபனி விழும் சீசன். கோவையில் விசிறி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு அங்கே கம்பளி இல்லாமல் இருக்க முடியவில்லை.

அதே வருஷம் லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரும் மேலே வந்தார். உடம்பு முடியாமல் வந்தவர், மலைக்காற்றில் தேறிவிட்டார். செடி கொடிகளைச் சேகரித்துக் குறிப்பெடுத்தார். குளிர் பிரதேசம் ஒன்று இருக்கிறது என்பதோடு, நோயாளி பிழைக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்ற பேச்சும் அப்போதே கிளம்பிவிட்டது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களில் காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனையோ பேர். உடம்பு தேற கப்பல் ஏறி நன்னம்பிக்கை முனைக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். கோவையில் இருந்து சில நாள் தூரத்தில் இங்கிலாந்து மாதிரி ஒரு சீதோஷ்ணம் இருக்கிறது என்றால் மெட்ராஸ் கோட்டைக்கு அது சாதாரணச் செய்தியா?

முதல் வீடு கோத்தகிரியில்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. சல்லிவன் முதலில் வீடு கட்டியது ஊட்டியில் இல்லை. கோத்தகிரியில் இருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் உள்ள கன்னேரிமுக்கு கிராமத்தில். பெத்தக்கல் பங்களா என்று அதற்குப் பெயர். மலையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு. ரொம்ப காலம் கவனிப்பார் இல்லாமல் பாழடைந்து கிடந்ததை, பிற்காலத்தில் பழுதுபார்த்து நினைவிடமாகவும் சின்ன அருங்காட்சியகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். கோடநாடு வியூ பாயின்ட் போகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வீடு கட்டியாச்சு. தினமும் காட்டை வெட்டிக்கொண்டா ஏற முடியும்? அரசாங்கத்திடம் பேசிப் பணம் வாங்கினார். 1821-ல் லெப்டினன்ட் ஈவன்ஸ் மெக்பெர்சன் தலைமையில் சிறுமுகையில் இருந்து திம்பட்டிக்குக் குதிரைப் பாதை போடும் வேலை தொடங்கியது. 1823-ல் முடிந்தது. சமவெளியில் இருந்து நீலகிரிக்குப் போடப்பட்ட முதல் முறையான பாதை இதுதான். குன்னூர் மலைப்பாதை அதற்குப் பிறகு, 1830-களின் தொடக்கத்தில்தான் வந்தது. மேட்டுப்பாளையம் மலை ரயில் குன்னூருக்குப் போனது 1899-ல், ஊட்டிக்குப் போனது 1908-ல். ஆக, சுமார் 10 வருஷம் மலைக்குப் போக மெயின் கேட் சிறுமுகைதான்.

ஒத்தைக்கல் மந்தில் ஒரு கல் வீடு

கோத்தகிரியில் நிற்கவில்லை அவர். இன்னும் உயரமாக, தொட்டபெட்டா அடிவாரத்தில் தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. ஒத்தைக்கல் மந்து என்ற பெயர்தான் வெள்ளைக்காரர் வாயில் மாறி மாறி ஊட்டகமண்ட் ஆனது என்பார்கள். 1821 வாக்கில் அது மெட்ராஸ் பத்திரிகையில் வோட்டோக்கிமண்ட் என்றுகூட அச்சாகியிருக்கிறது. தமிழில் உதகமண்டலம் ஆகி, நம்ம வாயில் ஊட்டி ஆகிவிட்டது.

1822-ல் அங்கே ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார் சல்லிவன். ஸ்டோன் ஹவுஸ். மரமும் புல்லும் வைத்துக் கட்டிய வீடுகளையே பார்த்திருந்த மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அந்த இடம்தான் இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரி. கலெக்டர் வீடாக இருந்தது, பிறகு மெட்ராஸ் அரசின் கோடைக்கால அலுவலகமாகி, கடைசியில் காலேஜ் ஆகிவிட்டது. கோவை, திருப்பூரில் இருந்து போய் அங்கே படித்தவர்கள் இருப்பார்கள்.

இதற்கு நடுவே, 1820-ல் அவருக்குக் கல்யாணம். மனைவி ஹென்ரியட்டா. மலைக்கு வந்து குடியிருந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி இவர்தான். கணவர் அட்வென்சர் செய்யலாம். சின்ன வயசில் கல்யாணமாகி, ஆஸ்பத்திரி கிடையாது, பக்கத்தில் பேச்சுத் துணை கிடையாது என்று இருந்த மலையில் குடும்பம் நடத்தியவரின் அட்வென்சர் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை.

ஊட்டி உருளை வந்த கதை

நம்மூர் சந்தையில் ஊட்டி உருளை என்றால் தனி ரேட். ஊட்டி கேரட், ஊட்டி பீட்ரூட், ஊட்டி முட்டைக்கோஸ். இதற்கெல்லாம் ஆரம்பம் சல்லிவனின் தோட்டம்தான். 1821-ல் ஜான்ஸ்டன் என்ற தோட்டக்காரரை வரவழைத்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்ற இங்கிலீஷ் காய்கறிகள், ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி, பார்லி என்று வகைவகையாக நட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக்காரச் சாப்பாட்டு மேசைக்காகத் தொடங்கியதுதான். ஆனால் படக விவசாயிகள் கையில் போன பிறகு அது மலையின் பொருளாதாரமே ஆகிப்போனது. மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டிகளில் இன்றைக்கு நடக்கிற ஏலத்துக்கு மூலம் அந்தத் தோட்டம். தேயிலையை அவர் கணக்கில் எழுதக் கூடாது. அது பெரிய அளவில் வந்தது அவர் காலத்துக்குப் பிறகுதான்.

அடுத்து ஏரி. போட்டிங் போகாமல் ஊட்டி டிரிப் முடியாது இல்லையா? அந்த ஏரி இயற்கையானது இல்லை. 1823 முதல் 1825 வரை, தொட்டபெட்டா பள்ளத்தாக்கில் இருந்து வந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு சல்லிவன் உண்டாக்கியது. போட் விடுவதற்காக அல்ல. பாசனத்துக்குத் தண்ணீர் தேக்கிவைக்கத்தான் திட்டம். வறட்சி என்றால் என்ன என்று தெரிந்த கோவை ஜில்லா கலெக்டர் போட்ட கணக்கு அது. கீழே பவானி ஆற்றை நம்பியிருக்கும் ஊர்களை அவர் தினம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஏரி பிறகு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு பகுதியை மேடாக்கி ரேஸ் கோர்ஸும் பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டன. படகு இல்லம் சுற்றுலாத் துறையின் கைக்கு வந்தது 1970-களில். டவுன் கழிவுநீரை ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும் கோடப்பமந்து கால்வாய் பற்றி ஊட்டி நிருபர்கள் வருஷா வருஷம் செய்தி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏக்கர் ஒரு ரூபாய்

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

வீடு, தோட்டம், பண்ணை எல்லாம் போட நிலம் வேண்டும். தோடர்களிடம் இருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கணக்கில் சல்லிவன் நிலம் வாங்கினார். கொஞ்சமாக இல்லை. மலையில் இருந்த மற்ற ஐரோப்பியர்களை எல்லாம் விட ரொம்ப அதிகமாக அவர் கையில் நிலம் சேர்ந்தது. ஜில்லா கலெக்டர் வந்து நிலம் கேட்டால், மேய்ச்சல்காரர் என்ன சொல்ல முடியும்? அந்த ஒரு ரூபாய் நியாயமான விலைதானா? தோடர்களுக்கு நிலத்தை விற்பது என்ற பழக்கமே இருந்ததில்லை. ஊட்டியின் தந்தை என்று புகழ்கிற பலரும் இந்த இடத்தில் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆனால் அதே சல்லிவன்தான், மலையில் வேறு எந்த அதிகாரியும் சொல்லாததைச் சொன்னவர். இந்த நிலம் கம்பெனிக்குச் சொந்தம் இல்லை, தோடர்களுக்குச் சொந்தம் என்பது அவர் நிலை. அதற்கு அவர் காட்டிய ஆதாரம் எளிமையானது. படகர்கள் விளைச்சலில் ஒரு பங்கு தானியத்தைத் தோடர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். மண்ணுக்கு உரிமையாளர் என்று ஒருவரை ஏற்காமல் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? ஆகவே கம்பெனி அங்கே ராணுவ முகாம் போட்டாலும், ஆபீஸ் கட்டினாலும், தோடர்களுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாதாடினார்.

இப்போது கேட்டால் இது ஒரு பழங்குடி உரிமை வழக்கு மாதிரி இருக்கிறது. 1820-களில், அதுவும் ஒரு கம்பெனி அதிகாரி வாயில் இருந்து இது வந்தது என்பதுதான் ஆச்சரியம். ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கியவரும் அவரே, விற்றவர்தான் உண்மையான உரிமையாளர் என்று சாட்சி சொன்னவரும் அவரே. தான் வாங்கியது செல்லுபடியாக வேண்டும் என்றால் விற்றவர்களுக்கு உரிமை இருந்தாக வேண்டுமே, அதனால் பேசினார் என்றும் பார்க்கலாம். ஆனால் நிலம் கைக்கு வந்து, பதவி மாறி, பல வருஷம் கழித்தும் அவர் அதே பேச்சைத்தான் பேசினார். வெறும் சுயநலம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

கவர்னர் மாறினார், காற்றும் மாறியது

சல்லிவனுக்கு முதலில் நல்ல ஆதரவு இருந்தது. மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1826-ல் ஊட்டிக்கு வந்து சல்லிவன் வீட்டில் தங்கினார். ரயத்துவாரி முறையால் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த அதே மன்றோதான். ஆனால் அடுத்த வருஷமே, 1827-ல், காலரா கண்டு இறந்துபோனார்.

அவருக்குப் பின் வந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். இவருக்கும் மலை பிடித்தது. ரொம்பவே பிடித்தது. ஊட்டியை ராணுவத்துக்கான ஆரோக்கிய வாசஸ்தலமாக மாற்றுவதில் தீவிரமாக இறங்கினார். மேஜர் கெல்சோ என்ற ராணுவ அதிகாரி ஊட்டிக்கு கமாண்டன்ட் ஆனார். கலெக்டர் சல்லிவன் பார்த்துப் பார்த்துச் செய்த ஊரில் அவருக்கே மேலதிகாரி மாதிரி இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

தோடர்களுக்கு நில உரிமை என்ற வாதத்தை லஷிங்டன் ஏற்கவே இல்லை. மண் அரசாங்கத்துடையது, தோடர்களுக்கு மேய்ச்சல் சலுகை உண்டு, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. சல்லிவன் வளைத்து வைத்திருந்த நிலத்தையும் கேள்வி கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், கேட்டவர்களின் நோக்கம் வேறு.

1830-ல் சல்லிவன் உடல்நலம் கெட்டு இங்கிலாந்து போனார். கோவை கலெக்டர் பதவி முடிந்தது. அதே வருஷம் ஊட்டி உட்பட மலையின் பெரும்பகுதியைக் கோவையில் இருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். ஊட்டி ஒரு காலத்தில் நிர்வாகத்தில் கேரளப் பக்கம் இருந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1843-ல்தான் திரும்பவும் கோவைக்கு வந்தது.

திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது

1830-களின் நடுவில் சல்லிவன் மீண்டும் இந்தியா வந்தார். இந்த முறை மெட்ராஸில் பெரிய பதவி. வருவாய் வாரியம், பிறகு கவர்னரின் கவுன்சில் உறுப்பினர். தோடர் உரிமை விவகாரத்தை மறுபடி கையில் எடுத்தார். ஃபைல் மெட்ராஸில் இருந்து லண்டன் போனது.

1838-ல் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் சிறிது கால இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இருவரையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இந்த சர்ச் அவரோடு மல்லுக்கு நின்ற லஷிங்டன் காலத்தில் கட்டப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையில் இருந்து எடுத்து வந்த மரத்தூண்களும் உத்திரங்களும் இன்றைக்கும் உள்ளே நிற்கின்றன. உடம்பு தேறுகிற இடம் என்று ஊரையே கூட்டிவந்தவர், தன் வீட்டில் இருவரை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்தார்.

1841-ல் வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். தோடர் வழக்கில் கம்பெனி இயக்குநர்களின் முடிவு 1840-களில் வந்தது. அவருடைய வாதம் நிற்கவில்லை. தோடர்களின் மந்துகளுக்கும் கோயில்களுக்கும் பாதுகாப்பு, மேய்ச்சலுக்கு அனுமதி. மண்ணின் முழு உரிமை கிடையாது. பின்னால் வந்த காபி, தேயிலை, தைல மரம் எல்லாம் இந்த முடிவின் மேல்தான் வளர்ந்தன.

லண்டனில் இந்தியாவுக்காகப் பேசியவர்

ஓய்வு பெற்ற கம்பெனி அதிகாரிகள் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பது வழக்கம். சல்லிவன் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கம்பெனிப் பங்குதாரர் கூட்டங்களில் எழுந்து நின்று கம்பெனியையே கேள்வி கேட்டார். சதாரா சமஸ்தானத்தை 1848-ல் கம்பெனி எடுத்துக்கொண்டபோது எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். சுதேச மன்னர்களோடு போட்ட ஒப்பந்தங்களைக் கம்பெனி மதிக்க வேண்டும் என்று 1853-ல் பிரசுரம் எழுதினார். நிர்வாகத்தில் இந்தியர்களுக்கு உண்மையான இடம் தர வேண்டும், இந்தியாவின் செல்வம் ஒரே பக்கமாக இங்கிலாந்துக்கு ஓடுகிறது என்பதெல்லாம் அவர் திரும்பத் திரும்ப வைத்த புகார்கள்.

1855 ஜனவரி 16-ல் காலமானார். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரில் உள்ள அப்டன் செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் அடக்கம். அந்தக் கல்லறை இருக்கும் இடமே நீலகிரிக்காரர்களுக்கு ரொம்ப காலம் தெரியாமல் இருந்தது. இந்த நூற்றாண்டில்தான் நீலகிரி ஆவண மையத்தின் முயற்சியில் அதைத் தேடிப் பிடித்தார்கள். 2022-ல் ஊட்டிக்கு 200 வருஷம் என்று விழா எடுத்தபோது ஊட்டியில் அவருக்கு மார்பளவு சிலையும் வைத்தாயிற்று.

இப்போது போகிறவர்கள் கவனத்துக்கு

சல்லிவனுக்கு வழியில் முள்ளும் மலேரியாவும் தடை. இப்போது வேறு மாதிரி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் போக இ-பாஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கோர்ட் உச்சவரம்பே வைத்தது. அரசுப் பஸ்ஸில் போனால் இந்தக் கவலை இல்லை. சோமனூரில் இருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் என்று மாறி மாறி ஏறினாலும் போய்விடலாம்.

நடந்து மலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் புக் செய்து வழிகாட்டியோடு போகலாம். நீலகிரியில் கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன் ஹில் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வழிகாட்டிகளாக வருபவர்கள் உள்ளூர் மலைவாழ் மக்கள். கோத்தகிரிப் பக்கம் போனால் கேத்தரின் அருவியையும் பார்ப்பீர்கள். கேத்தரின் என்பது காபி பயிரிட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி பெயர். அருவிக்குப் படகர்கள் வைத்த பழைய பெயர் கெத்தெஹாட ஹல்லா. கூட வருகிற வழிகாட்டியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சல்லிவன் தடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஒரே நாளில் முடிக்கலாம். காலையில் சிறுமுகை, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக கோத்தகிரி ஏறி கன்னேரிமுக்கு பங்களா, மதியம் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் ஸ்டோன் ஹவுஸ், சாயங்காலம் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது பழைய கல்லறைத் தோட்டம். ஹென்ரியட்டாவும் மகளும் அங்கே இருக்கிறார்கள்.